நடுவரிசையில் நிற்கும் ஆட்டங்கள்

நேயர்களுக்கு என் வணக்கம்.

பழைய வீடியோ கேம் கருவிகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், எந்தக் கருவிக்கு மிகச் சிறந்த ஆட்டங்கள் அமைந்தன என்ற கேள்வியும் தவறாமல் எழுகிறது. கேட்டவுடன் ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த கருவியின் பத்து ஆட்டங்களை அடுக்கிவிடுவார்கள். அந்தப் பத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் எந்தக் கருவியும் தாழ்ந்துபோவதில்லை, ஏனென்றால் ஐந்தாறு ஆண்டுகள் சந்தையில் நின்ற எந்தக் கருவிக்கும் பத்து நல்ல ஆட்டங்கள் தேறிவிடும். ஒரு தொகுப்பின் உண்மையான தரம் ஐம்பதாவது, நூறாவது இடங்களில் நிற்கும் ஆட்டங்களில்தான் தெரியும் என்பது என் கருத்து. புகழ்பெற்ற பாத்திரமோ பெரிய விளம்பரமோ இல்லாமல் ஒரு சிறிய நிறுவனம் செய்த ஆட்டத்தை எடுத்துப் போட்டால், அது நம்மை ஒரு மாலைப் பொழுது முழுவதும் உட்கார வைக்கிறதா என்பதே நான் வைத்திருக்கும் அளவுகோல். அந்த நடுவரிசை ஒவ்வொரு கருவியிலும் ஏன் வெவ்வேறாக அமைந்தது என்று தேடிப்போனால், கருவியின் வேகத்தைக் காட்டிலும், ஆட்டங்களை யார் வெளியிடலாம், எதில் பதித்து வெளியிடலாம், அதற்கு என்ன செலவாகும் என்ற வணிக விதிகளே பெரும்பாலும் காரணமாக நிற்கின்றன.

அமெரிக்காவில் 1977-இல் வெளிவந்த அட்டாரி 2600 கருவியிலிருந்து தொடங்குகிறேன். அதன் நினைவகம் வெறும் 128 பைட். தொடக்க கால ஆட்டங்கள் 2 அல்லது 4 கிலோபைட் அளவுக்குள் முடிந்துவிடும். 1979-இல் அட்டாரியிலிருந்து வெளியேறிய நிரலாளர்கள் நால்வர் பங்கேற்றுத் தொடங்கிய ஆக்டிவிஷன் நிறுவனம், அந்தச் சிறிய இடத்துக்குள் வியக்கத்தக்க வேலைகளைச் செய்தது. டேவிட் கிரேன் 1982-இல் உருவாக்கிய பிட்ஃபால் ஆட்டத்தில் 255 காட்டுத் திரைகள் உண்டு. அவற்றில் எதுவும் தனியாகச் சேமிக்கப்படவில்லை, ஒரு சிறு கணக்கீடே ஒவ்வொரு திரையையும் அவ்வப்போது உருவாக்கித் தருகிறது. அதே ஆண்டில் கேரல் ஷா செய்த ரிவர் ரெய்ட் ஆட்டத்தின் ஆறும் இவ்வாறு கணக்கீட்டிலிருந்து பிறந்ததுதான். இவை இன்றும் சலிக்காமல் ஆடத்தக்கவை.

ஆனால் வெளியார் யாரும் ஆட்டம் செய்து விற்பதைத் தடுக்கும் ஏற்பாடு எதுவும் அந்தக் கருவிக்குள் இல்லை. ஆக்டிவிஷனின் வெற்றியைக் கண்ட பலரும், இந்தத் தொழிலுக்குத் தொடர்பே இல்லாத நிறுவனங்கள் உட்பட, சந்தைக்குள் நுழைந்தார்கள். அட்டாரியே தன் பங்குக்கு, ஈ.டி. திரைப்படத்தை ஒட்டிய ஆட்டத்தை ஏறக்குறைய ஐந்து வாரங்களில் முடிக்கச் சொல்லி 1982-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விற்பனைக்கு அனுப்பியது. விற்காமல் தேங்கிய சரக்கை அடுத்த ஆண்டு நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமகோர்டோ ஊரில் குப்பைக் கிடங்கில் புதைத்தார்கள், 2014-இல் அதைத் தோண்டி எடுத்தும் பார்த்தார்கள். ஒரே ஓர் ஆட்டத்தின் மேல் பழி முழுவதையும் சுமத்துவது நியாயம் ஆகாது. பெட்டியின் மேல் அச்சிட்ட படத்தை நம்பி வாங்கியவர் ஏமாறாமல் இருப்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லாத நிலை வந்ததுதான் 1983-இல் அமெரிக்கச் சந்தை சரிந்ததற்கு முக்கியமான காரணம். சில ஒளிமிகுந்த ஆட்டங்களும், அவற்றுக்குக் கீழே மிக மெலிந்த நடுவரிசையும் கொண்ட தொகுப்பு என்றே அட்டாரியை நான் மதிப்பிடுகிறேன்.

அந்தச் சரிவைப் பார்த்துப் பாடம் கற்றது ஜப்பானின் நின்டெண்டோ. 1983 ஜூலையில் ஜப்பானில் ஃபாமிகாம் என்ற பெயரில் வந்த அதன் கருவி, 1985-இல் அமெரிக்காவுக்குச் சென்றபோது அனுமதி பெறாத ஆட்டங்களை ஓடவிடாத ஒரு பூட்டுச் சில்லுடன் சென்றது. நின்டெண்டோ தயாரித்துத் தரும் கார்ட்ரிட்ஜில் (ஆட்டத்தைப் பதித்துக் கருவியில் செருகும் சிறு பெட்டி, நம் ஊரில் கேசட்) மட்டுமே வெளியார் தங்கள் ஆட்டத்தை விற்க முடியும், அதற்கான பணத்தையும் முன்கூட்டியே கட்ட வேண்டும், ஒரு நிறுவனம் ஆண்டுக்கு ஐந்து ஆட்டங்களுக்கு மேல் வெளியிடக் கூடாது என்று விதிகள் வந்தன. கடுமையான விதிகள்தான். கொனாமி நிறுவனம் அந்த ஐந்தைத் தாண்டுவதற்காகவே அல்ட்ரா என்ற இன்னொரு பெயரில் ஆட்டங்களை வெளியிட வேண்டியிருந்தது. ஆயினும் ஆண்டுக்கு ஐந்துதான் என்ற நிலையில் எந்த ஐந்தை அனுப்புவது என்று யோசிக்க வேண்டிய கட்டாயம் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஏற்பட்டது. மோசமான ஆட்டங்கள் அதற்குப் பின்னும் வந்துகொண்டுதான் இருந்தன. நின்டெண்டோவின் தரமுத்திரை, ஆட்டம் சுவையாக இருக்கும் என்பதற்கு உறுதி அளிக்கவில்லை. இருந்தாலும் அட்டாரி காலத்து வெள்ளம் தடுக்கப்பட்டது.

ஃபாமிகாமின் வளர்ச்சிக்கு இன்னொரு காரணமும் உண்டு. கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே கூடுதல் சில்லுகளை வைத்துக் கருவியின் திறனை உயர்த்த முடிந்தது. 1985-இல் வந்த சூப்பர் மேரியோ பிரதர்ஸ் 40 கிலோபைட் அளவு கொண்டது. 1988-இல் அதே கருவிக்கு வந்த அதன் மூன்றாம் பாகம் 384 கிலோபைட். இரண்டும் ஒரே பெட்டியில்தான் ஓடின என்பதை நம்புவதே கடினம்.

இங்கே நம் ஊர்ச் செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். 1990-களில் சென்னை பர்மா பஜாரிலும் மற்ற ஊர்களின் மின்பொருள் கடைகளிலும் வாங்கி, டிவியில் இணைத்து நம் பிள்ளைகள் ஆடிய வீடியோ கேம் பெட்டிகளில் மிகப் பல ஃபாமிகாமின் நகல்களே. அவற்றோடு வந்த கேசட்டில் நூற்றுக்கணக்கில், சில சமயம் லட்சக்கணக்கில் ஆட்டங்கள் இருப்பதாக எழுதியிருக்கும், உள்ளே பார்த்தால் இருபது முப்பது ஆட்டங்களே திரும்பத் திரும்ப வரும். கூடுதல் சில்லு தேவைப்படாத, அளவில் சிறிய ஆட்டங்களே அத்தகைய கேசட்டில் மலிவாக அடங்கும். ஆகவே டாங்கி ஆட்டமான பேட்டில் சிட்டி, கார் ஓட்டும் ரோடு ஃபைட்டர், சர்க்கஸ் சார்லி என்று ஃபாமிகாமின் முதல் மூன்று நான்கு ஆண்டுகளின் ஆட்டங்களே நமக்குப் பெரும்பாலும் கிடைத்தன. கான்ட்ரா போன்ற சில விதிவிலக்குகள் இருந்தன. அந்தக் கருவியைச் சிறு பிள்ளைகளின் எளிய பொம்மை என்று இன்றும் நினைப்பவர்கள், 1989-இல் தனி ஒலிச் சில்லுடன் வந்த மூன்றாம் காசில்வேனியாவின் ஜப்பானியப் பதிப்பையோ, 1992-இல் சன்சாஃப்ட் செய்த கிம்மிக் என்ற அருமையான ஆட்டத்தையோ, 1993-இல் வந்த கிர்பிஸ் அட்வென்ச்சரையோ ஒருமுறை ஆடிப் பார்க்க வேண்டும் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்தது, ரசிகர்கள் இன்றுவரை கட்சி கட்டி வாதிடும் காலகட்டம். சேகா நிறுவனத்தின் மெகா டிரைவ் 1988 அக்டோபரிலும், நின்டெண்டோவின் சூப்பர் ஃபாமிகாம் 1990 நவம்பரிலும் ஜப்பானில் வெளிவந்தன. மெகா டிரைவின் செயலி, அதாவது கணக்கிடும் மையச் சில்லு, 7.6 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் மோட்டரோலா 68000. சூப்பர் ஃபாமிகாமின் செயலி அதிகபட்சம் 3.58 மெகாஹெர்ட்ஸ்தான், ஆனால் அதனால் ஒரே நேரத்தில் 256 நிறங்களைத் திரையில் காட்ட முடிந்தது, மெகா டிரைவுக்கு 64 மட்டுமே. எண்களை மட்டும் வைத்து ஒப்பிடுவதில் பயனில்லை என்றாலும், இந்த வேறுபாடு ஆட்டங்களின் சுபாவத்தையே பிரித்துவிட்டது. வேகமாகப் பறந்து சுடும் ஆட்டங்களில் மெகா டிரைவ் தெளிவாக முந்துகிறது. 1992-இல் வந்த தண்டர் ஃபோர்ஸ் நான்காம் பாகத்தையும், சூப்பர் ஃபாமிகாமில் எதிரிகள் கூடும்போதெல்லாம் தள்ளாடி நகரும் மூன்றாம் கிரேடியஸையும் அடுத்தடுத்து ஆடினால் இதை யாரும் மறுக்க மாட்டார்கள். தெருச்சண்டை ஆட்டமான ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ் இரண்டாம் பாகத்துக்கு யூசோ கொஷிரோ அமைத்த இசை, மெகா டிரைவின் யமஹா ஒலிச் சில்லின் உலோகத் தன்மையையே அழகாக மாற்றிய இசை. ட்ரெஷர் என்ற சிறு நிறுவனம் 1993-இல் தன் முதல் படைப்பாக வெளியிட்ட கன்ஸ்டார் ஹீரோஸ், இரண்டு பேர் சேர்ந்து ஆட இன்றும் நான் முதலில் கைவைக்கும் ஆட்டங்களில் ஒன்று.

ஒரே பெயர் இரண்டு கருவிகளிலும் வரும்போது ஒப்பீடு இன்னும் சுவையாகிறது. 1993-இல் அலாதீன் படத்துக்கு மெகா டிரைவில் வர்ஜின் நிறுவனம் ஓர் ஆட்டம் செய்தது, சூப்பர் ஃபாமிகாமில் கேப்காம் வேறோர் ஆட்டம் செய்தது. முன்னதில் டிஸ்னியின் ஓவியர்கள் வரைந்த அசைவுகள் கண்ணுக்கு விருந்து. பின்னதில் குதித்துத் தாவும் உணர்வு செம்மையாக அமைந்திருக்கிறது. ஆட்டம் என்ற முறையில் கேப்காமின் பதிப்பே சிறந்தது என்பேன், பலர் இதை ஏற்கமாட்டார்கள் என்பதும் தெரியும்.

ஆனாலும் நடுவரிசை என்ற அளவுகோலை வைத்தால் சூப்பர் ஃபாமிகாமுக்கு இணையாக அந்தத் தலைமுறையில் எதையும் என்னால் நிறுத்த முடியவில்லை. ஜப்பானில் மட்டும் அதற்கு 1,400-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் வந்தன. சூப்பர் மெட்ராய்டு, க்ரோனோ ட்ரிகர், ஃபைனல் ஃபேண்டஸியின் ஆறாம் பாகம் ஆகியவை எல்லோரும் அறிந்த உச்சிகள். அவற்றுக்குக் கீழேயும் கதை வழி செல்லும் ஆட்டங்கள், போர்த்தந்திர ஆட்டங்கள், புதிர் ஆட்டங்கள் என்று வகை வகையாக நல்ல படைப்புகள் நிறைந்திருக்கின்றன. ஃபாமிகாம் காலத்திலேயே டிராகன் குவெஸ்ட் வழியாகக் கதையாட்டங்களைத் தேடும் பெரியதொரு கூட்டம் ஜப்பானில் உருவாகியிருந்ததும், ஸ்கொயர், எனிக்ஸ் போன்ற நிறுவனங்கள் அந்தக் கூட்டத்தை நம்பி நின்டெண்டோவோடு நின்றதும் இதற்குக் காரணங்கள். மெகா டிரைவின் செல்வாக்கோ அமெரிக்காவில்தான் அதிகம். அங்கே எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் அந்தக் கருவியின் அமைப்பைத் தானே ஆராய்ந்து கண்டுபிடித்து, அந்த வலிமையைக் காட்டி சேகாவிடம் சாதகமான ஒப்பந்தம் பெற்று, அமெரிக்கக் கால்பந்து போன்ற விளையாட்டுகளை வரிசையாகக் கொண்டுவந்தது. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தப் பகுதியின் அருமை முழுதாகப் புலப்படாமல் போவது இயல்பு, ஆனால் தொகுப்பை மதிப்பிடும்போது அதைக் கழித்துவிடுவது தவறு.

1994 முடிவில் சேகா சாட்டர்னும் சோனி பிளேஸ்டேஷனும் குறுந்தகட்டோடு வந்தன. நின்டெண்டோ 64 மட்டும் 1996-இல் கார்ட்ரிட்ஜோடு வந்தது. வணிக விதிகள் தொகுப்பை எப்படி வடிவமைக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. குறுந்தகட்டில் சுமார் 650 மெகாபைட் அடங்கும், அச்சடிக்க ஆகும் செலவும் மிகக் குறைவு, விற்றுத் தீர்ந்தால் விரைவில் மறுபடியும் அச்சடிக்கலாம். நின்டெண்டோ 64-இன் கார்ட்ரிட்ஜ் மிகப் பெரிதாக இருந்தாலும் 64 மெகாபைட், விலையும் அதிகம், விற்காத சரக்கு வெளியீட்டாளரின் தலையில் விழும். அப்படிப்பட்ட இடத்தில் யார் துணிந்து புதுமை செய்வார்கள்? ஃபைனல் ஃபேண்டஸியின் ஏழாம் பாகம் மூன்று குறுந்தகடுகளில் 1997-இல் பிளேஸ்டேஷனுக்குப் போனது. நின்டெண்டோ 64-க்கு உலகம் முழுவதும் சேர்த்து வந்த ஆட்டங்கள் 388 மட்டுமே. சூப்பர் மேரியோ 64, கோல்டன் ஐ, ஒக்கரினா ஆஃப் டைம் ஆகியவற்றுக்கு ஈடான உச்சி வேறெந்தத் தொகுப்பிலும் அரிது என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன், நால்வர் ஒரே அறையில் சேர்ந்து ஆடும் இன்பத்திலும் அதற்கே முதலிடம். அவற்றைத் தாண்டினால் கதையாட்டங்கள் விரல்விட்டு எண்ணும் அளவே இருக்கின்றன, சண்டை ஆட்டங்களும் வறுமைதான்.

பிளேஸ்டேஷனில் குப்பை மலைபோல் குவிந்தது. அந்தக் குவியலுக்கு இடம் கொடுத்த அதே மலிவுதான், காகிதத்தில் வெட்டியதுபோன்ற நாய் ஒன்று பாட்டுப் பாடும் பராப்பா தி ராப்பர், வெள்ளைக் கோடுகள் மட்டுமே கொண்ட விப்-ரிப்பன், ஒரு நாட்டின் போரை 108 மனிதர்களின் கதையாகச் சொல்லும் சுய்கோடென் இரண்டாம் பாகம் போன்றவற்றுக்கும் வழி திறந்தது. நடுவரிசையின் அகலத்தில் பிளேஸ்டேஷனையே எல்லாவற்றுக்கும் முதலில் வைக்கிறேன், சீரான தரத்தில் சூப்பர் ஃபாமிகாமை. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் சூப்பர் ஃபாமிகாமை எடுப்பேன், ஏனென்றால் அதன் கைவரைப் படங்களுக்கு வயது ஏறவில்லை, பிளேஸ்டேஷனின் முப்பரிமாண உருவங்களில் பலவற்றுக்கு ஏறிவிட்டது.

சாட்டர்னை எங்கே வைப்பது என்பதில்தான் எனக்குத் தயக்கம். மேற்குலகில் அது தோல்வியுற்ற கருவி. ஜப்பானில் அதன் தொகுப்பு மிக வளமானது. கூடுதல் நினைவக அட்டையின் துணையோடு எக்ஸ்-மென் வெர்சஸ் ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆட்டத்தில் சண்டையின் நடுவே ஆளை மாற்றும் வசதி சாட்டர்னில் முழுதாக இருந்தது, பிளேஸ்டேஷன் பதிப்பில் அதை வெட்டிக் குறைக்க வேண்டியதாயிற்று. எழுத்து மிகுந்த ஜப்பானிய ஆட்டங்கள் பல, மொழி தெரியாத காரணத்தால் மட்டுமே நம் கணக்கில் சேரவில்லை. இது சாட்டர்னுக்கு மட்டும் நேர்ந்ததும் அன்று. 1995-இல் சூப்பர் ஃபாமிகாமுக்கு வந்த சேய்கென் டென்செட்சு மூன்றாம் பாகம் 2019-இல்தான் அதிகாரபூர்வமாக ஆங்கிலத்தில் கிடைத்தது. 1997-இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த மூன் என்ற ஆட்டத்துக்கு 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சாட்டர்னின் சகுரா வார்ஸ் முதல் பாகத்தை ஆர்வலர்களே தங்கள் உழைப்பில் ஆங்கிலத்தில் பெயர்த்துத் தந்தார்கள். அமெரிக்க வெளியீடுகளை மட்டும் பார்த்து அந்நாளில் எழுதப்பட்ட தரவரிசைகளை இத்தகைய ஒவ்வொரு பெயர்ப்பும் வந்தபின் திருத்தித்தான் ஆக வேண்டும், சாட்டர்னுக்கு இன்று நான் கொடுக்கும் இடத்தையும் அவ்வாறே திருத்துவேன்.

நன்றி, வணக்கம்.