சருகை நம்பி நிற்கும் காடு

நேயர்களுக்கு வணக்கம். வானளாவிய மரங்கள் நிற்கும் மழைக்காட்டின் மண் எத்தனை வளமாக இருக்கும் என்றே பலரும் எண்ணுகிறோம். வெனிசுவேலாவில், அமேசானில் கலக்கும் ரியோ நெக்ரோ ஆற்றங்கரையிலுள்ள சான் கார்லோஸ் காட்டில் நிலைமை நேர்மாறானது. ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீட்டருக்கும் மேல் பெய்யும் மழை மண்ணின் சத்தையெல்லாம் நெடுங்காலமாகக் கரைத்துக் கொண்டுபோய்விட்டது. நம் கரிசல் விவசாயி அங்கே ஒரு போகம் விதைக்கவும் யோசிப்பார்.

அந்த மரங்கள் தாம் உதிர்த்த சருகைக் கொண்டே வாழ்கின்றன. சருகு மக்கி வெளிவரும் சத்து மண்ணுக்குள் இறங்குமுன்பே, மெல்லிய வேர்களும் அவற்றோடு உறவுகொண்ட பூஞ்சைகளும் மண்ணின் மேலேயே பாய்போல் பின்னிக்கிடந்து அதைப் பிடித்துக்கொள்கின்றன.

இதை நிறுவிய சோதனை ஒன்று எனக்கு மிகவும் பிடித்தமானது என்பதால், அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். நெல்லி ஸ்டார்க், கார்ல் ஜோர்டன் என்ற இருவர், கதிரியக்கமுள்ள மணிச்சத்தையும், அதாவது பாஸ்பரசையும், சுண்ணாம்புச்சத்தையும் நீரில் கரைத்து அந்த வேர்ப்பாயின் மேல் தெளித்தார்கள். கதிரியக்கம் இருப்பதால் சத்து எங்கே போனாலும் கருவி காட்டிக்கொடுத்துவிடும். அடியில் வடிந்த நீரைச் சேகரித்து அளந்தபோது, தெளித்ததில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே அதில் இருந்தது. 1978இல் வெளியான முடிவு இது. மீண்டும் சொல்கிறேன், ஆயிரத்தில் ஒரு பங்குதான் தப்பியது. சத்து வேறு, சூழல் வேறு என்றாலும், நம் நெல்வயலில் இடும் யூரியாவில் பாதிக்கும் மேல் பயிருக்குச் சேராமலே போவதை இங்கே நினைத்துப்பார்க்காமல் இருக்க முடியவில்லை.

மரத்தின் சிக்கனம் அதற்கும் முன்பே தொடங்கிவிடுகிறது. இலை பழுத்து உதிருமுன்னரே, அதிலிருக்கும் மணிச்சத்தில் கணிசமான பங்கை மரம் கிளைக்குள் இழுத்துக்கொள்கிறது. ஆகவே காட்டின் சேமிப்பு மரத்திலும் வேரிலும் சருகிலும்தான் இருக்கிறது. மண்ணில் இருப்பது சொற்பம். வெட்டி எரித்து மரவள்ளி நட்டால், சாம்பலின் தயவில் இரண்டு மூன்று ஆண்டுகள் விளைகிறது. பிறகு விளைச்சல் சரிய, அடுத்த இடத்தை வெட்டுகிறார்கள்.

இத்தனை சிக்கனத்திலும் மழையோடும் வெள்ளத்தோடும் கொஞ்சம் போகத்தான் செய்கிறது. அதை ஈடுசெய்வதில் சகாரா பாலைவனத்துக்குப் பங்குண்டு என்பதைத் தனியாகப் பேச நினைத்திருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. சாடு நாட்டின் போடெலே என்ற வறண்ட ஏரிப்படுகையிலிருந்தும் சகாராவின் பிற பகுதிகளிலிருந்தும் கிளம்பும் புழுதி, அட்லாண்டிக் கடலைக் கடந்து ஆண்டுக்குச் சுமார் 22,000 டன் மணிச்சத்தை அமேசான் படுகையில் சேர்ப்பதாக, செயற்கைக்கோள் பதிவுகளைக் கொண்டு 2015இல் கணக்கிட்டிருக்கிறார்கள். வணக்கம்.