ஷோமு பேரரசரும் நாராவின் பெரும் புத்தரும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

ஷோமு பேரரசர் கி.பி. 724 முதல் 749 வரை ஜப்பானை ஆண்டார். கோயிலும் சிலையுமாக அவர் அள்ளிக் கொடுத்ததற்குப் பின்னால் பெரும் துயரம் இருக்கிறது. 735-இல் தொடங்கிய பெரியம்மை, 737-இல் அரசவையைக் கையில் வைத்திருந்த ஃபுஜிவாரா சகோதரர்கள் நால்வரையும் கொண்டுபோனது. 740-இல் கலகம் மூண்டது. புத்தரின் அருளே நாட்டைக் காக்கும் என்று ஷோமு மனதார நம்பினார். மாகாணந்தோறும் மடங்களும் ஏழடுக்குக் கோபுரமும் எழுப்ப 741-இல் ஆணையிட்டார். 743-இல் பெரும் புத்தர் என்ற மாபெரும் வெண்கலச் சிலைக்கான ஆணை பிறந்தது. ஒரு புல்லோ ஒரு பிடி மண்ணோ கொண்டு வருபவரையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது அது. அவருடைய ஆட்சியிலேயே உயர்ந்த வாசகம் அதுதான் என்பேன். முன்பு அரசு கண்டித்த கியோகி என்ற துறவியே மக்களிடம் பொருள் திரட்டினார்.

சுமார் 15 மீட்டர் உயரச் சிலையை ஒரே வார்ப்பில் எடுக்க முடியாது. முதலில் களிமண்ணால் முழு உருவம் செய்தார்கள். அதன்மேல் மண் அப்பி, காய்ந்ததும் துண்டு துண்டாகப் புற அச்சைக் கழற்றினார்கள். பிறகு உள் உருவத்தைச் சீராகச் சுரண்டினார்கள். சுரண்டிய கனம்தான் வெண்கலத்தின் கனம். அச்சைத் திரும்பப் பொருத்தும்போது இடையிடையே உலோகத் துண்டுகளை வைத்தார்கள். அவை இல்லாவிட்டால் அச்சு உள் உருவத்தைத் தொடும்; தொட்ட இடத்தில் ஓட்டை விழும். 747 முதல் 749 வரை, கீழிருந்து மேலாக எட்டு அடுக்குகள் வார்த்தார்கள். ஒவ்வொன்றுக்கும் சுற்றிலும் மண்மேட்டை உயர்த்தினார்கள். ஆறிய அடுக்கின்மேல் ஊற்றிய உலோகம் சரியாக ஒட்டாது. அந்த இடுக்குகளையும் குழிகளையும் அடைக்க மேலும் சில ஆண்டுகள் ஆயின. செம்பு மட்டும் ஏறத்தாழ 500 டன்!

தங்கத்தைப் பாதரசத்தில் குழைத்துப் பூசி, சூடு காட்டிப் பாதரசத்தை ஆவியாக்கினார்கள். அந்த ஆவி நஞ்சு; பொன்முகத்தைப் போற்றும்போது அந்தத் தொழிலாளர்களையும் நினைக்க வேண்டும்.

752-இல் தென்னிந்தியத் துறவி போதிசேனர் புத்தரின் கண் திறந்தார். அவருடைய தூரிகையில் கட்டிய நீண்ட நூலை, மகளுக்கு அரியணையைக் கொடுத்து விலகியிருந்த ஷோமுவும் கூடியிருந்தவர்களும் பிடித்திருந்தார்கள். 756-இல் ஷோமு மறைந்ததும், அரசி கோம்யோ அவருடைய 600-க்கும் மேற்பட்ட பொருள்களை, பெரும் புத்தர் இருக்கும் நாராவின் தொடாய்ஜி கோயிலுக்கு வழங்கினார். அவற்றில் பீவா என்ற ஐந்து நரம்பு இசைக்கருவி ஒன்றில், ஒட்டகத்தின் மேல் அமர்ந்து இசைப்பவரைச் சிப்பியில் பதித்திருக்கிறார்கள். இந்தப் பொருள்கள் உள்ள ஷோசோயின் என்ற கருவூலத்திலேயே கண் திறந்த தூரிகையும் நூலும்கூட உள்ளன.

சிலை 1180-இலும் 1567-இலும் தீயில் சிதைந்தது. இன்றுள்ள தலை பிற்கால வார்ப்பு. நாராவுக்குப் போகிறவர்கள் பீடத்தின் தாமரை இதழ்களைப் பாருங்கள். ஷோமு காலத்து வெண்கலம் அங்கே எஞ்சியிருக்கிறது.