சால்வைக்குப் பதில் ஒரு நோட்டு

(வேலூரில் எழுத்தாளர் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களுக்கும், எழுதிய தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கும் வணக்கம்.

எழுத்தாளர் சங்கம் தமிழுக்கு என்ன செய்ய வேண்டும் என்று பேசச் சொன்னார்கள். நான் ஒரு நாயிலிருந்து தொடங்குகிறேன்.

செங்கம் பக்கம் எடுத்தனூர் என்று ஓர் ஊர். பழைய வட ஆர்க்காட்டு ஊர்தான். 1989இல் மாவட்டத்தைப் பிரித்தபோது திருவண்ணாமலையோடு போய்விட்டது. அந்த ஊர் நடுகல் ஒன்று மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. சுமார் 1,400 வருடப் பழமை. எருமைகளைக் காக்கப் போய் உயிரை விட்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு நட்ட கல். அவன் பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அதன் பெயர் கோவிவன்; இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று வட்டெழுத்தில் வெட்டியும் வைத்திருக்கிறார்கள். நாயின் பெயரும் விட்டுப்போகக் கூடாது என்று யாரோ ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது பாருங்கள். அந்த ஆள் யாரென்று தெரியாது. நம் சங்கத்தின் முன்னோடி என்று நான் அவரைத்தான் சொல்வேன்.

இந்த மண்ணில் எழுத்து இப்படித்தான் வந்திருக்கிறது. வாலாஜாவுக்குப் பக்கத்து வேலத்தைச் சேர்ந்த மு.வ., திருப்பத்தூரில் தாலுகா ஆபீஸ் எழுத்தராக இருந்தவர். அப்புறம் அதே ஊரில் பள்ளித் தமிழாசிரியர். 1961இல் அவருக்குச் சாகித்திய அகாதெமி பரிசு வாங்கித் தந்த 'அகல் விளக்கு' நாவலில் நம் வாலாஜா வருகிறது. உருது பேசும் வீடுகள் நிறைந்த வாணியம்பாடியில், இஸ்லாமியா கல்லூரியில் பல ஆண்டுகள் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் கவிக்கோ அப்துல் ரகுமான்.

சரி, நம் கூட்டங்களில் என்ன நடக்கிறது? சால்வை போர்த்துகிறோம். வரவேற்புரை, வாழ்த்துரை, அணிந்துரை எழுதியவரின் உரை. நூலாசிரியர் எழுந்து வரும்போது மணி ஒன்பது ஆகிவிடுகிறது, கடைசி பஸ்ஸுக்குப் பாதிப் பேர் போய்விடுகிறார்கள். அந்தப் புத்தகத்திலிருந்து ஒரு பக்கம்கூட யாரும் வாசிப்பதில்லை. இது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

நான் குடியாத்தத்தில் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. பத்தொன்பது வயதில் தறியைப் பற்றி ஒரு கவிதை எழுதி, ஒரு டீக்கடை மாடியில் நாலைந்து பேர் முன்னால் வாசித்தேன். 'கனவின் பொன்னிழைகள்' என்றெல்லாம் எழுதியிருந்தேன். அங்கிருந்த ஒரு பெரியவர் முழுசாகக் கேட்டுவிட்டு, "இந்த இழையை உங்க வீட்டுல என்னப்பா சொல்லுவீங்க?" என்றார். "நீளவாக்குல பாவுங்க, குறுக்கே போறது ஊடைங்க" என்றேன். "அப்ப அதை எழுதுப்பா." அவ்வளவுதான் சொன்னார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கவிதையைத் திருப்பி எழுதினேன். தன் வாய்ச்சொல் காகிதத்தில் ஏறுவதை அவர் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தார்.

அந்த மாடி மாதிரி ஓர் இடம்தான் சங்கம். அதனால் ஒன்று கேட்கிறேன். இந்த ஆண்டு சால்வையை விட்டுவிடுவோம். மாதத்தில் ஒரு ஞாயிறு சிறப்பு விருந்தினரே வேண்டாம். புதிதாக எழுதும் மூன்று பேர் வாசிக்கட்டும், மற்றவர்கள் கேட்போம். கேட்டுவிட்டு, "உங்க ஊரில் இதை என்ன சொல்வீங்க?" என்று விசாரிப்போம். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தோல் பதனிடும் வேலைக்குப் போகிறவர்களிடமும், ஜவ்வாது மலையில் சாமை விதைக்கிறவர்களிடமும் நாம் எழுதாத தமிழ் எவ்வளவோ இருக்கிறது. பாலாற்றில் தண்ணீர் ஓடாத வருடங்கள் கூடிக்கொண்டே போகின்றன. ஆற்றைச் சுற்றியிருந்த சொற்கள் இன்றைக்கு எழுபது வயதுக்காரர்களிடம்தான் இருக்கின்றன. அவர்களிடம் இப்போதே போக வேண்டும்.

வரும்போது நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி வந்தேன். முதல் பக்கத்தில் என் அம்மா சொன்ன தறிச் சொற்களை எழுதியிருக்கிறேன். இரண்டாம் பக்கம் காலியாக இருக்கிறது. பீடி சுற்றும் வீட்டிலிருந்து வந்தவர்கள் இங்கே நிச்சயம் இருப்பீர்கள். இலையை நனைப்பதிலிருந்து கட்டு போடுவது வரை உங்கள் வீட்டில் என்னென்ன சொல்வீர்களோ, போவதற்குள் எழுதிவிட்டுப் போங்கள். நோட்டு இந்த மேசை மேல்தான் இருக்கும்.