பதினைந்து ரவுண்டு போனால் லமோட்டாதான்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

தாமதமாக வந்தவர்களுக்காகத் தலைப்பை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். ஜேக் லமோட்டா, நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதிக்காரர், 1949-ல் குத்துச்சண்டையில் மிடில்வெயிட், அதாவது 160 பவுண்டு வரையிலான எடைப் பிரிவின் உலகப் பட்டம் வென்றவர். மார்வின் ஹேக்லர், மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பிராக்டன் நகரில் வளர்ந்து, 1980 முதல் 1987 வரை அதே பட்டத்தை யாரிடமும் விடாமல் வைத்திருந்தவர். இருவரும் அவரவர் உச்சத்தில், 160 பவுண்டு எடையில், 15 ரவுண்டுக்கு ஒரே ரிங்கில் இறங்கினால் யார் கை உயரும்? எதிரணி ஹேக்லர் என்றது. நாங்கள் லமோட்டா என்கிறோம்.

ஹேக்லர் லேசுப்பட்ட ஆள் என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. 67 ஆட்டம், 62 வெற்றி, அதில் 52 நாக் அவுட். பன்னிரண்டு முறை பட்டத்தைக் காத்தார். எதிரணித் தலைவர் இந்த எண்களை அடுக்கிய வேகத்துக்கு அரங்கமே கைதட்டியது, நானும்தான் தட்டினேன். ஆனால் தட்டி முடித்த கையோடு அந்தக் கணக்கைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். 62-ல் 52 போனால் மீதி எத்தனை? பத்து. நாக் அவுட் இல்லாமல் அவர் ஜெயித்தது அவ்வளவுதான். சரி, அவர் ஜெயிக்காத ஆட்டங்கள் ஐந்து இருக்கின்றனவே, மூன்று தோல்வி, இரண்டு டிரா, அவை எப்படி முடிந்தன? 1974-ல் சுகர் ரே சீல்ஸ், 1976-ல் பாபி வாட்ஸ், அதே வருடம் வில்லி மன்ரோ, 1979-ல் வீட்டோ அன்டுவோஃபெர்மோ, 1987-ல் சுகர் ரே லெனர்ட். ஐந்துமே கடைசி மணி வரை போய், ஜட்ஜுகள் புள்ளி போடும் சீட்டில் முடிந்தவை. ஒன்றில்கூட ஹேக்லரை யாரும் அடித்து நிறுத்தவில்லை. சீட்டில்தான் கைவிட்டுப் போயிற்று.

எங்கள் வாதம் மொத்தமும் இதற்குள் இருக்கிறது, நடுவர் அவர்களே. ஹேக்லர் ஆளை முடிக்கத் தெரிந்தவர். முடிக்க முடியாத ஆள் எதிரே நின்றால் அவருடைய இரவு சிக்கலாகிவிடும்.

இப்போது சொல்லுங்கள், குத்துச்சண்டை வரலாற்றில் முடிக்க முடியாத ஆள் என்றால் முதலில் யார் ஞாபகத்துக்கு வருவார்?

லமோட்டா ஆடியது 106 ஆட்டம். 83 வெற்றி, அதில் நாக் அவுட் வெறும் 30. எதிரணியில் ஒருவர் இதைச் சொல்லிச் சிரித்தார், குத்தில் பலமே இல்லையாம். இருக்கட்டும். அவருக்குக் கை சின்னது, ஒரே குத்தில் ஆளைச் சாய்க்கும் வித்தை கிடையாது. ஆனால் மற்ற ஐம்பத்துச் சொச்சம் வெற்றிகளையும் அவர் எங்கே சம்பாதித்தார்? ஹேக்லர் தடுமாறுகிற அந்த இடத்தில்தான். ரவுண்டு ரவுண்டாக, எதிராளியின் நெஞ்சில் தலையை முட்டி நின்றுகொண்டு.

அவர் விழாத கதைக்கு வருகிறேன். சுகர் ரே ராபின்சன் அவரோடு ஆறு முறை மோதினார். ஐந்தில் ராபின்சன் வென்றார், மறைக்கவில்லை. ஆனால் லமோட்டாவை நிறுத்த முடிந்தது ஆறாவது ஆட்டத்தில்தான், 1951 பிப்ரவரி 14, சிகாகோ, 13-வது ரவுண்டு. அதற்குள் லமோட்டாவுக்கு 160 பவுண்டுக்கு எடையை இறக்குவதே பெரும்பாடாகியிருந்தது. அன்றும் அவர் தரையைத் தொடவில்லை. கயிற்றில் சாய்ந்தபடி வாங்கிக்கொண்டே நின்றார். ரெஃப்ரிதான் பார்க்கப் பொறுக்காமல் நடுவில் புகுந்தார். லமோட்டா முதன்முதலில் தரையில் விழுந்தது 1952 கடைசி நாளில், டேனி நார்டிக்கோவிடம். அது மிடில்வெயிட் அல்ல, ஒரு படி மேலே, லைட் ஹெவிவெயிட்டில்.

பில்லி ஃபாக்ஸ் ஆட்டத்தை எதிரணி எடுக்கும் என்று எதிர்பார்த்தேன், எடுத்தார்கள். 1947 நவம்பர், மேடிசன் ஸ்கொயர் கார்டன், நான்காவது ரவுண்டில் லமோட்டா நிறுத்தப்பட்டார். பட்டத்துக்கு மோத வாய்ப்புக் கிடைக்க வேண்டுமென்று அந்த ஆட்டத்தை விட்டுக்கொடுத்ததாக 1960-ல் அமெரிக்க செனட் துணைக்குழு முன்னால் அவரே ஒப்புக்கொண்டார். அது கறைதான், நான் வெள்ளையடிக்கப் போவதில்லை. ஆனால் தலைப்புக்கு வேண்டியதை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். தோற்கப் பேசி வைத்த ஆட்டத்திலும் மனிதர் கீழே விழவில்லை! ஒரு குத்துக்குப் படுத்துவிட்டால் வேலை முடிந்தது. படுக்க மனசு வரவில்லை. நின்றபடியே வாங்கி, ரெஃப்ரி நிறுத்தும்வரை காத்திருந்தார். விற்ற ஆட்டத்தில்கூட விழத் தெரியாதவரை ஹேக்லர் விழவைப்பார் என்கிறார்கள்.

அடுத்து, ஹேக்லர் ஹேர்ன்ஸை வென்ற ஆட்டம். 1985 ஏப்ரல் 15, லாஸ் வேகஸ், மூன்றே ரவுண்டு. அந்த முதல் ரவுண்டைப் போல இன்னொன்றை நான் பார்த்ததில்லை. ஆனால் தாமஸ் ஹேர்ன்ஸ் யார்? கீழ் எடைகளிலிருந்து ஏறி வந்த உயரமான, ஒல்லியான மனிதர். முதல் ரவுண்டிலேயே வலக்கை உடைந்துபோனது. ராபர்டோ டுரான் லைட்வெயிட்டிலிருந்து ஏறி வந்தவர். லெனர்ட் வெல்டர்வெயிட்டிலிருந்து. ஹேக்லரின் பெரிய இரவுகளில் பலவற்றில் எதிரே நின்றவர் அவரைவிடச் சின்ன உடம்புக்காரர். லமோட்டா அப்படியல்ல, மேலே இருக்கிறவர்களோடும் முட்டிப் பார்த்தவர். 1946-ல் பாப் சாட்டர்ஃபீல்டு என்ற பயங்கரக் குத்துக்காரரை ஏழு ரவுண்டில் நிறுத்தினார். அந்த சாட்டர்ஃபீல்டு பிற்பாடு ஹெவிவெயிட்டில் பெயர் வாங்கியவர்.

இதே தராசை எங்கள் பக்கமும் வைக்கத்தான் வேண்டும். 1943 பிப்ரவரி 5, டெட்ராய்ட். அதுவரை தொழில்முறையில் தோல்வியே காணாத ராபின்சனை எட்டாவது ரவுண்டில் கயிற்றுக்கு வெளியே தள்ளி, புள்ளியில் ஜெயித்தார் லமோட்டா. அன்று அவருக்குச் சுமார் 15 பவுண்டு எடை கூடுதல், உண்மை. மூன்று வாரத்தில் ராபின்சன் பழி தீர்த்ததும் உண்மை. அதனால் அந்த வெற்றியை நான் அளவுக்கு மேல் தூக்கிப் பிடிக்கவில்லை. அதில் எனக்கு வேண்டியது ஒன்றுதான்: நீளமான கையும் வேகமான காலும் உள்ளவரின் நெஞ்சுக்குள் புகும் வழி இவருக்குத் தெரியும்.

ஏனென்றால் எதிரணியின் பெரிய அஸ்திரம் கை நீளம். ஹேக்லருக்கு 75 அங்குலம், லமோட்டாவுக்கு 67. எட்டு அங்குல வித்தியாசம். கூடவே ஹேக்லர் இடதுகை ஆட்டக்காரர், தேவைப்பட்டால் நடுவிலேயே வலதுகை நிலைக்கு மாறுவார். தூர நின்று ஆடினால் லமோட்டாவுக்கு வேலையே இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தூர நிற்க யார் விடப்போகிறார்கள்? முழங்காலை மடக்கி, தாடையைத் தோளுக்குள் புதைத்து, ஜாப் என்கிற நேர்க்குத்துக்கு அடியில் நுழைந்து, இடது ஹூக்கை, அதாவது வளைத்து விடும் குத்தை, விலாவில் இறக்குவார். அந்த நெருக்கத்தில் நீளக் கை மடங்கித்தான் கிடக்கும்.

நெருக்கினால் ஹேக்லர் என்ன ஆவார் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. 1979-ல் அன்டுவோஃபெர்மோ முதல் பாதியில் வாங்கிக் கட்டிக்கொண்டு, பின்பாதியில் முட்டி முட்டி வந்து டிரா செய்துவிட்டார். 1983 நவம்பரில் டுரான்: 13 ரவுண்டு முடிந்தபோது இரண்டு ஜட்ஜுகளின் சீட்டில் ஒரு புள்ளி முன்னால் இருந்தது அந்தக் குட்டை மனிதர்! கடைசி இரண்டு ரவுண்டை எடுத்துத்தான் ஹேக்லர் தப்பினார். 1981-ல் அதே அன்டுவோஃபெர்மோவை ஹேக்லர் சீக்கிரம் முடித்தாரே என்று கேட்பீர்கள். அவர் முகம் தொட்டால் கிழிகிற முகம். லமோட்டாவிடம் கிழிக்க அவ்வளவு சுலபமாக எதுவும் அகப்படாது.

அப்புறம், அந்தக் கடைசி ரவுண்டுகள். டுரானிடம் 14, 15-ஐ எடுத்த மாதிரி லமோட்டாவிடம் எடுக்க முடியுமா? 1950 செப்டம்பர் 13, டெட்ராய்ட். பிரெஞ்சுக்காரர் லோரான் டோத்துயிய் மூன்று சீட்டிலும் முன்னால். 15-வது ரவுண்டு. லமோட்டா கயிற்றில் தொங்குகிறார், கை தாழ்ந்து கிடக்கிறது, ஓய்ந்துபோனவர் போல ஒரு பாவனை. அது அவருடைய பழைய தந்திரம். பிரெஞ்சுக்காரர் நம்பி உள்ளே வந்தார். ஒரு இடது ஹூக், அதன் பின்னால் மழையாகக் குத்து. ரெஃப்ரி பத்து எண்ணி முடித்தபோது ஆட்டத்தில் மிச்சம் 13 விநாடி. தோற்றுக்கொண்டிருந்த பட்டம் கையிலேயே தங்கிவிட்டது.

ஆகவே என் கணிப்பு இது. முதல் ஐந்து ரவுண்டில் நான்கு ஹேக்லருக்கு, அழகான ஜாபில். ஆறாவதிலிருந்து லமோட்டா உள்ளே. ஏழு, எட்டில் ஹேக்லர் ஆளை முடிக்கப் பார்ப்பார், தன் பலம் முழுக்கப் போட்டுக் குத்துவார், எதிரே இருப்பவர் சிரிப்பார். பத்தாவதில் ஹேக்லரின் புருவம் கிழியும். ஹேர்ன்ஸோடு மோதியபோதே அந்த நெற்றி கிழிந்து, டாக்டரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டி வந்தது. 12-க்கு மேல் இருவரும் ஒரு சதுர அடிக்குள். கடைசி மணி அடிக்கும்போது இரண்டு பேரும் நின்றுகொண்டுதான் இருப்பார்கள். சீட்டு பிரியும்: இரண்டு ஜட்ஜ் லமோட்டாவுக்கு, ஒருவர் ஹேக்லருக்கு.

1987-ல் லெனர்டுக்குக் கொடுத்த தீர்ப்பை ஹேக்லர் கடைசிவரை ஏற்கவே இல்லை. அதற்குப் பின் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. இந்தத் தீர்ப்பையும் அவர் ஏற்கமாட்டார். எதிரணியினரும் ஏற்க வேண்டாம். நடுவர் அவர்களே, நீங்கள் ஏற்றால் எங்களுக்குப் போதும். நன்றி, வணக்கம்.