பழைய கொழம்புக்கு யாராச்சும் வாடகை கட்டுவாகளா?

நடுவர் ஐயாவுக்கும் காரைக்குடி ஆச்சிமார், பெரியவுகளுக்கும் வணக்கம். வருசக்கணக்கா உறைய வச்ச கருவுல பிள்ளை பெறுறது வரமா விபரீதமாங்கிறது தலைப்பு, நான் வரம்னு பேச வந்திருக்கேன்.

ஆனா எதிரணி அண்ணன் போறபோக்குல ஒண்ணு சொன்னாரே, “முப்பது வருசம் ஃப்ரீஸர்ல கெடந்தா அது பிள்ளையா, பழைய மீன்கொழம்பா”ன்னு, நீங்களும் கைதட்டுனீக. அதுக்குப் பதில் சொல்லாம நான் எறங்க மாட்டேன்.

அண்ணே, வீட்டு ஃப்ரிட்ஜ்ல கிருமி மெதுவாவாச்சும் வளரும், கொழம்பு கெடும். கருவை வைக்கிறது திரவ நைட்ரஜன்ல, மைனஸ் 196 டிகிரி, அங்க அதுக்கு வயசே ஏறாது. 1994ல உறைய வச்ச கரு 2025 ஜூலைல அமெரிக்காவுல ஒஹாயோவுல ஆம்பளப் பிள்ளையாப் பொறந்துச்சு. அம்புட்டு தூரம் எதுக்கு, 1978லயே கல்கத்தாவுல டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் 53 நாள் உறைய வச்ச கருவுல துர்காங்கிற பொண்ணு பொறந்தா, அவரை யாரும் நம்பல, கேலி பண்ணுனாங்க, 1981ல அந்த மனுசன் உசுரையே மாய்ச்சுக்கிட்டாரு. கேலி சின்ன விசயம் இல்லண்ணே.

தேவகோட்டைல எங்க அயித்தை இருக்காக. அவுக மருமகளுக்கு 29 வயசுல முட்டை எடுத்து, லேபுல கருவாக்கி, முதல்ல வச்ச கரு தங்கல, மிச்சம் மூணை உறைய வச்சாங்க, அப்புறம் அயித்தை மகன் சிங்கப்பூர் போயி, கொரோனா வந்து, கையில காசு இல்லாம ஏழு வருசம் ஓடிப்போச்சு. வருசா வருசம் லேபுக்குப் பணம் கட்டணும்ல, அயித்தை கணக்கு நோட்டுல உ போட்டு, சிவமயம் எழுதி, பால், மளிகை, கரண்டு, அதுக்குக் கீழ “பிள்ளைக்கு வாடகை”. நான் என் கண்ணால பாத்தேன். ஏழு வருசமும் அதே எழுத்து, அதே வரி, பிள்ளைக்கு வாடகை! சட்டப்படி 10 வருசம்தான் வைக்கலாம்னு கேட்டதுல இருந்து அந்தக் கடைசித் தேதியை நோட்டு அட்டைல எழுதி, கோயிலுக்குப் போறப்போகூட நோட்டைக் கூடவே எடுத்துக்கிட்டுப் போவாக. அண்ணே, பழைய கொழம்புக்கு யாராச்சும் ஏழு வருசம் வாடகை கட்டுவாகளா?

ஏழு வருசம் கழிச்சு அந்த மூணு கருவையும் உருக்குனப்போ ஒண்ணு பிழைக்கல. அன்னிக்கு அயித்தை சோறு திங்கல, வீட்டுல ஒரு உசுரு போன மாதிரி முகப்புலயே உக்காந்திருந்தாக. மீதி ரெண்டையும் வச்சாங்க, ஒண்ணு தங்குச்சு, அப்ப மருமகளுக்கு வயசு 36.

போன வாரம் போயிருந்தேன். நோட்டை எடுத்து என் கையில குடுத்தாக, படின்னாக. பால், மளிகை, கரண்டு, அதுக்குக் கீழ வாடகை இல்லீங்க. “தொட்டில் கயிறு”ன்னு எழுதியிருந்தாக.