டூக்கி வில்லியம்ஸுக்கு மறுக்கப்பட்ட கருணை

அவையோருக்கு வணக்கம்.

2005-இல் கலிஃபோர்னியாவில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட ஸ்டான்லி டூக்கி வில்லியம்ஸைப் பற்றிப் பேசுவதற்கு முன், உயிரிழந்த நான்கு பேரைச் சொல்லிவிடுகிறேன். 1979 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில், கடையில் இரவு வேலை பார்த்த 26 வயது இளைஞர். மார்ச்சில், தைவானிலிருந்து பிழைக்க வந்து சிறிய தங்கும் விடுதி நடத்திய கணவனும் மனைவியும், கூடவே அவர்களுடைய மகளும். நால்வரையும் சுட்டுக் கொன்றவர் வில்லியம்ஸ் என்று 1981-இல் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. மரண தண்டனை வேண்டாம் என்கிற நாம் இந்த நால்வரை மறந்துவிட்டுப் பேசினால் அது நியாயமே இல்லை.

1953-இல் பிறந்த வில்லியம்ஸ், லாஸ் ஏஞ்சலஸின் தென்பகுதித் தெருக்களில் வளர்ந்தார். 1971-இல், பதினேழு வயதில், ரேமண்ட் வாஷிங்டன் என்ற இளைஞரோடு சேர்ந்து 'கிரிப்ஸ்' என்ற தெருக் கும்பலைத் தொடங்கினார். எங்கள் தெருவைக் காக்கத்தான் தொடங்கினோம் என்று பின்னாளில் சொன்னார். காக்க வந்த கூட்டமே தெருவுக்கு எமனாயிற்று. எதிர்த்து 'பிளட்ஸ்' என்ற கும்பல் முளைத்தது. கறுப்பினப் பிள்ளைகள் கறுப்பினப் பிள்ளைகளைக் கொன்றார்கள். வாஷிங்டனும் 1979-இல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

சான் குவென்டின் சிறையிலும் வில்லியம்ஸ் முதலில் முரடர்தான். ஆறரை ஆண்டு தனிமைச் சிறையில் கிடந்தார். அங்கேதான் படித்தார், மாறினார். 1996 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்காகப் புத்தகங்கள் வெளியிட்டார். கிரிப்ஸைத் தொடங்கியதற்காக 1997-இல் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். ஆசிரியர் சொன்னாலும் போலீஸ் சொன்னாலும் காது கொடுக்காத ஒரு பையன், கிரிப்ஸைத் தொடங்கியவனே "வேண்டாம்டா" என்றால் நின்று கேட்பான். அந்தக் குரலுக்கு மாற்று எந்த அரசாங்கத்திடமும் கிடையாது.

2005 டிசம்பர் 12 அன்று கலிஃபோர்னியா ஆளுநர் அர்னால்டு ஷ்வார்ஸ்நெகர் வில்லியம்ஸின் கருணை மனுவை நிராகரித்தார். கொலைகளுக்கு மன்னிப்புக் கேட்காதவர் திருந்தியவர் ஆகமாட்டார் என்பது அவர் சொன்ன முக்கியமான காரணம். வில்லியம்ஸோ, நான் செய்யாத கொலைக்கு எப்படி மன்னிப்புக் கேட்பேன் என்று கடைசிவரை சொன்னார். இங்கேதான் என் மனம் ஆறவில்லை. உயிருக்கு விலையாக ஒப்புதலைக் கேட்டால், குற்றம் செய்தவன் சுலபமாகச் சொல்லிவிட்டுப் பிழைப்பான். செய்யாதவன் பொய் சொன்னால்தான் பிழைக்க முடியும். சரி, நான்கையும் அவரே செய்தார் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் சாகும்வரை சிறை என்று ஆக்கியிருந்தால் அந்த நால்வரின் குடும்பத்தாருக்கும் என்ன குறைந்திருக்கும்? பிள்ளைகளுக்கு எழுதிக்கொண்டிருந்த கை மட்டும் மிஞ்சியிருக்கும்.

டிசம்பர் 13, நள்ளிரவு கடந்து, விஷ ஊசி போட்டார்கள். நரம்பு கிடைக்காமல் ஊழியர்கள் தடுமாறினார்கள். வயது 51.

2006 ஜனவரிக்குப் பிறகு கலிஃபோர்னியா யாருக்கும் மரண தண்டனையை நிறைவேற்றவில்லை. 2019-இல் ஆளுநர் கேவின் நியூசம் மரண தண்டனை நிறைவேற்றத்தை நிறுத்திவைத்தார்; தண்டனைக் கூடத்தையும் மூடினார்கள். ஆனால் சட்டம் எடுக்கப்படவில்லை. இன்னொரு ஆளுநர் வந்து ஒரு கையெழுத்துப் போட்டால் அந்தத் தடை நீங்கிவிடும்.