இருபது நிமிடம் உன் மொழி, இருபது நிமிடம் என் மொழி

வானொலி நேயர்களுக்கு வணக்கம். மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்புற நகரத்தில் பதின்ம வயதுப் பிள்ளைகளை மொழி வகுப்பு ஒன்றின் வழியாக நண்பர்களாக்க முடியுமா என்று பேச அழைத்திருக்கிறார்கள். முடியும். ஆனால் மூன்று இனத்துப் பிள்ளைகளையும் ஒரு மண்டபத்தில் உட்கார வைத்துவிட்டாலே நடந்துவிடும் என்று நினைத்தால் நடக்காது.

உட்கார்வதற்கு என்ன, நம் பிள்ளைகள் ஏற்கெனவே ஒன்றாகத்தான் உட்காருகிறார்கள். இடைநிலைப்பள்ளியின் முதலாம் படிவத்தில் ஒரே வகுப்பு, ஒரே பேருந்து, வாரா வாரம் பசார் மாலாம் என்கிற ஒரே இரவுச் சந்தை. ஆனால் அதற்கு முன்னால் ஆறு வருடம் தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி, தேசியப்பள்ளி என்று மூன்று வாசல். மலாய்மொழி போதாதவர்களுக்குப் புகுமுக வகுப்பில் இன்னொரு வருடம். ஓய்வு மணி அடித்ததும் இடைநிலைப்பள்ளிச் சிற்றுண்டிச்சாலையைப் போய்ப் பாருங்கள், எந்த மேசை யாருடையது என்று யாரும் சொல்லாமலே தெரியும்.

ஊர் அமைந்த விதமும் ஒரு காரணம். 1948 ஜூனில் இதே சுங்கை சிப்புட்டில் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான், கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை ஒடுக்க ஆங்கிலேயர் ஆட்சி அறிவித்த அவசரகாலம் வந்தது. அந்தக் கெரில்லாக்களுக்கு உணவும் உதவியும் கிடைக்காமல் தடுக்க 1950இல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. காட்டோரத்தில் பயிர் செய்துகொண்டிருந்த சீனக் குடும்பங்களை வேலி போட்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றினார்கள். நம்மவர்கள் லயம் என்கிற தோட்டத்து வரிசைக் குடியிருப்பில், மலாய்க்காரர்கள் கம்போங் என்கிற கிராமத்தில். வேலி போய்விட்டது, லயங்களில் பலவும் போய்விட்டன. ஆனாலும் பிள்ளை சாயங்காலம் யாரோடு பந்து விளையாடுகிறான் என்பதை இன்றைக்கும் வீடு இருக்கும் இடம்தான் முடிவு செய்கிறது.

இதற்கு மருந்தாக நாம் வழக்கமாக என்ன செய்கிறோம்? ஒற்றுமை நாள் என்று ஒரு நாள். ஒரு பரதநாட்டியம், ஒரு சிங்க நடனம், ஒரு மலாய் ஸாப்பின் ஆட்டம். பிரமுகர் உரை, நற்சான்றிதழ், பொட்டலச் சாப்பாடு. பொட்டலத்தை அவரவர் கூட்டத்தோடு உட்கார்ந்து பிரித்துச் சாப்பிடுவார்கள். கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், அந்த நாளில் ஒரு பிள்ளைக்கு இன்னொரு பிள்ளையின் தயவு எங்கேயும் தேவைப்படவில்லை. விஷயமே அதுதான்.

உளவியல் அறிஞர் கோர்டன் ஆல்போர்ட் 1954லேயே இதை எழுதிவிட்டார். இரண்டு கூட்டத்தார் சந்தித்தால் மட்டும் வெறுப்பு குறையாது. இரு தரப்பும் சம நிலையில் இருக்க வேண்டும், இலக்கு ஒன்றாக இருக்க வேண்டும், போட்டி போடாமல் சேர்ந்து உழைக்க வேண்டும், பெரியவர்களும் நிர்வாகமும் அதை ஆதரிக்க வேண்டும். இந்த நான்கில் நம் ஊரில் முதலில் விட்டுப்போவது சம நிலை.

இந்த இடத்தில் ஒரு கதை சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். 1971, அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம், ஆஸ்டின் நகரம். வெள்ளை, கறுப்பு, மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகளை அப்போதுதான் ஒரே பள்ளியில் சேர்த்திருந்தார்கள். பள்ளிக்குள் சண்டை. எலியட் ஆரன்சன் என்ற உளவியல் பேராசிரியரைக் கூப்பிட்டார்கள். அவர் அறிவுரை கூட்டம் ஒன்றும் போடவில்லை. பாடத்தைத் துண்டு போட்டார். பத்திரிகை முதலாளி ஜோசப் புலிட்சரின் வாழ்க்கையை ஆறு பத்தியாக வெட்டி, ஆறு பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு பத்தி. தன் பத்தியைப் படித்து மற்ற ஐந்து பேருக்கும் அவரவர்தான் வாயால் சொல்ல வேண்டும். முழுக்கதையும் யார் கையிலும் கிடையாது, பரீட்சையோ முழுக்கதையில்.

அந்த ஆறு பேரில் ஒருவனைக் கார்லோஸ் என்று குறிப்பிடுகிறார் ஆரன்சன். வீட்டு மொழி ஸ்பானிஷ், ஆங்கிலம் தடுமாறும். அவன் முறை வந்ததும் திக்கினான், மற்றவர்கள் கேலி செய்தார்கள். பார்த்துக்கொண்டிருந்த உதவியாளர் திட்டவில்லை. கேலி செய்வது உங்கள் விருப்பம், ஆனால் அவன் பத்தியில் இருப்பது அதனால் உங்களுக்குத் தெரிந்துவிடாது, பரீட்சை சீக்கிரமே வருகிறது என்று மட்டும் நினைவூட்டினார். கேலி நின்றது. அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. பிள்ளைகள் அவனிடம் கேள்வி கேட்கக் கற்றுக்கொண்டார்கள். அவனால் பதில் சொல்ல முடிகிற மாதிரி கேட்டார்கள். சில வாரத்தில் அவன் பேச்சில் தடுமாற்றம் குறைந்தது, தாங்கள் நினைத்ததைவிட இவன் கெட்டிக்காரன் என்பதும் மற்றவர்களுக்குத் தெரிந்தது. யாரும் யாரையும் நேசிக்கச் சொல்லவில்லை. அவன் கையில் இருந்த துண்டு இவனுக்குத் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

சரி, நம் ஊருக்கு வருவோம். பேனா தாள் தேட வேண்டாம், மெதுவாகவே சொல்கிறேன்.

பன்னிரண்டு பிள்ளைகள் போதும். தமிழ் பேசுகிறவர் 4, மாண்டரின் பேசுகிறவர் 4, மலாய் பேசுகிறவர் 4. இப்படி எடுத்தால் ஆறு இணை சரியாக வரும்: தமிழ், சீன இணை இரண்டு, சீன, மலாய் இணை இரண்டு, தமிழ், மலாய் இணை இரண்டு. வயது 13 முதல் 16. ஒரு இனத்தில் ஒன்பது பேர், இன்னொன்றில் இரண்டு பேர் என்று வந்தால் ஆரம்பிக்காதீர்கள். அந்த இரண்டு பேர் விருந்தாளியாகவே இருந்துவிட்டுப் போய்விடுவார்கள்.

பத்து வாரம், சனிக்கிழமை, ஒன்றரை மணி நேரம். முதல் பத்து நிமிடம் வந்து சேர. அடுத்த 20 நிமிடம் ஒருவர் மொழி, அதற்கடுத்த 20 நிமிடம் மற்றவர் மொழி. பிறகு அரை மணி நேரம் கூட்டு வேலை, கடைசிப் பத்து நிமிடம் திருத்தம். நான்கு வாரம் ஒரே இணை, அப்புறம் மாற்றி நான்கு வாரம், கடைசி இரண்டு வாரம் எல்லோரும் சேர்ந்து. வாரா வாரம் இணையை மாற்றுகிறார்கள் சிலர். பெயர் மனதில் நிற்பதற்குள் ஆள் மாறிவிட்டால் சிநேகம் எங்கிருந்து வரும்?

அந்த இருபதுக்கு இருபது இருக்கிறதே, அதில் மட்டும் கைவைக்காதீர்கள். ஒருவர் ஒலி எழுப்பிக் கணக்காக மாற்ற வேண்டும். மணி இல்லாவிட்டால் நடப்பது இதுதான்: தமிழ்ப்பிள்ளைக்கு மலாய் தெரியும், மலாய்ப்பிள்ளைக்குத் தமிழ் தெரியாது. ஐந்தாவது நிமிடத்தில் இருவரும் மலாய்க்கு வந்துவிடுவார்கள். சுலபம்தானே! தப்பு யாருடையதும் இல்லை. ஆனால் பத்து வாரம் முடியும்போது தமிழ்ப்பிள்ளை ஒரு நிமிடம்கூட ஆசிரியராக இருந்திருக்க மாட்டான். மறுபடியும் சொல்கிறேன், ஒவ்வொரு பிள்ளையும் பாதி நேரம் சொல்லிக்கொடுக்க வேண்டும், பாதி நேரம் கற்றுக்கொள்ள வேண்டும். பிரான்சும் ஜெர்மனியும் போர்ப்பகையைத் தாண்டி வர 1963இல் எலிசே ஒப்பந்தம் செய்து இளைஞர் அலுவலகம் தொடங்கின. அந்த அலுவலகம் நடத்தும் இணை வகுப்புகளுக்கும் அடிப்படை இதேதான்.

மலாய் எல்லோருக்கும் தெரியுமே, மலாய்ப்பிள்ளை என்னத்தைச் சொல்லிக்கொடுப்பான் என்று கேட்பீர்கள். பள்ளி வாய்மொழித் தேர்வுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கலாம். அதைவிட, பேராக் பேச்சைக் கொடுக்கலாம். நான் என்பதற்குத் தெமான், நீ என்பதற்கு மிக்கே. பாடப்புத்தகத்தில் இது கிடைக்காது, கம்போங் வாசலில் இதுதான் செல்லும்.

வாரத்துக்கு எட்டு வாக்கியம், அதற்குமேல் வேண்டாம். தனிச்சொல் பட்டியல் கொடுக்காதீர்கள், மறந்துவிடும். இது எவ்வளவு, காரம் வேண்டாம், உங்கள் வீட்டில் யார் சமைப்பார்கள் என்கிற மாதிரி வாய்க்கு உடனே உதவுகிற வாக்கியமாக இருக்கட்டும். பேசும்போது இடைமறித்துத் திருத்தக் கூடாது. குறித்துவைத்துக் கடைசியில் மூன்றே மூன்று பிழை சொல்லலாம். எதைத் திருத்துவது? பொருள் மாறுவதைத் திருத்துங்கள். மாண்டரினில் வாங்குவதும் விற்பதும் ஒரே ஒலி, குரல் ஏற்ற இறக்கம்தான் வேறு. அது மாறினால் கடைக்காரர் குழம்புவார், ஆகவே அதைத் திருத்துங்கள். புதிதாகத் தமிழ் பேசுகிற பிள்ளை ழகரத்தை உருட்டத் தெரியாமல் வாழைப்பழம் கேட்டால், பழத்தைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். அந்த ழகரம் நம் பிள்ளைகளிலேயே எத்தனை பேருக்கு வருகிறது!

சீனப்பள்ளியில் படிக்கும் தமிழ்ப்பிள்ளைகள் இருக்கிறார்கள், மூன்று மொழியும் பேசுவார்கள். அவர்களை மொழிபெயர்த்துச் சொல்லும் துபாசி ஆக்கிவிடாதீர்கள். துபாசி இருக்கும் அறையில் மற்றவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள்.

கூட்டு வேலைக்கு ஆஸ்டின் முறைதான். பசார் மாலாமில் 20 வெள்ளிக்குள், அதாவது 20 ரிங்கிட்டுக்குள், ஆறு பேருக்குச் சிற்றுண்டி வாங்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்னென்ன பலகாரம் என்பது தமிழ்த் தாளில், எந்தக் கடையில் என்ன விலை என்பது மாண்டரின் தாளில், யார் எதைச் சாப்பிட மாட்டார் என்பது மலாய்த் தாளில். தாளை ஐந்து நிமிடத்தில் திரும்ப வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் எல்லோரும் மலாய்த் தாளை எட்டிப் பார்த்து வேலையை முடித்துவிடுவார்கள். அதில் இருப்பதும் சாதாரண விஷயமில்லை: ஹலால், மாட்டிறைச்சி, வெள்ளிக்கிழமைச் சைவம் எல்லாம் பாடம் எடுக்காமலே அங்கே தெரிந்துவிடும்.

இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கோயில் மண்டபம் இலவசமாகக் கிடைக்கும், இருந்தாலும் எடுக்காதீர்கள். மதம் மாற்றும் முயற்சியோ என்ற பயம் எல்லா வீட்டிலும் உண்டு, நம் வீட்டிலும் உண்டு. நூலகம், பாலாய் ராயா என்கிற ஊர்ப் பொது மண்டபம், ருக்குன் தெத்தாங்கா என்கிற அக்கம்பக்கத்தார் சங்கத்தின் கூடம் மாதிரி பொது இடம் போதும். கதவு திறந்திருக்கட்டும். பெண்பிள்ளைகள் வந்தால் மூத்த பெண் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். முதல் வாரம் பெற்றோரை வரச்சொல்லி உட்கார்ந்து பார்க்க விடுங்கள். வீட்டுப் பலகாரம் முதல் நான்கு வாரத்துக்கு வேண்டாம், ஹலால் முத்திரை போட்ட பிஸ்கட் இருக்கட்டும். யாராவது தொடாமல் தள்ளிவைத்தால் கொண்டுவந்த பிள்ளையின் முகம் வாடிவிடும்.

கையைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் இருக்கிறதாம். போக்குவரத்து, பணம், தெமியார் பழங்குடிப் பிள்ளைகள் என்று மூன்று பாக்கி வைத்திருந்தேன்.

வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தோட்டத்துப் பிள்ளை மூன்றாவது வாரம் வராமல் போனால் ஆர்வம் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். அப்பாவின் மோட்டார் சைக்கிள் வேலைக்குப் போயிருக்கும். ஆகவே ஆள் சேர்ப்பதற்கு முன்னால் வேன் பேசுங்கள், இருக்கிற பணத்தில் பெரும்பகுதி அதற்குப் போகட்டும், பனியன் அச்சடிக்க வேண்டாம். மலைப்பக்கம் தெமியார் மக்கள் இருக்கிறார்கள். மூவினம் என்று பேசிப் பேசி அவர்களை மறந்துவிடுகிறோம். அந்தப் பிள்ளைகள் வந்தால் மலாய்ப் பட்டியலில் எழுதிவிடாமல், தெமியார் மொழிக்கும் அதே இருபது நிமிடம் கொடுங்கள். அப்புறம், நோன்பு மாதத்திலும் ஆண்டிறுதித் தேர்வு நெருங்கும்போதும் தொடங்காதீர்கள், பாதியில் நின்றுவிடும். திறப்பு விழா... அதைப் பேச நேரமில்லை, வேண்டாம் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். நன்றி, வணக்கம்.